கபடிப் பிள்ளைகளுக்கு என்ன கொண்டு போறது?

போன ஆனி மாதம் ஒரு சாயங்காலம், என் மகள் கபடிப் பயிற்சி முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னாள்: "அப்பா, வர்ற சனிக்கிழமை நம்ம மொறை. பதினாறு பேருக்குக் கொண்டாரணும். சார் நோட்டுல எழுதிட்டாரு."

மொறை என்றால் தீனி முறை. எங்கள் ஊர் ஆலங்குடிப் பக்கம். அரசுப் பள்ளியில் ஏழாவதிலிருந்து ஒன்பதாவது வரைக்கும் படிக்கிற பெண் பிள்ளைகள் பதினாறு பேரை வைத்து ஒரு கபடி அணி உருவாக்கியிருக்கிறார் பி.டி. சார். சாயங்காலம் நாலரைக்கு ஆரம்பித்தால் ஆறேகால் ஆகும். வெறுங்கால், செம்மண் தரை. ஆனி தொடக்கத்தில் ஒரு பிள்ளை பாடிக்கொண்டு போன இடத்திலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். விசாரித்ததில் காலையில் ஒரு டம்ளர் டீ, பகல் பன்னிரண்டரைக்கு சத்துணவு, அதற்கப்புறம் தண்ணீர். ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீட்டில் சோறு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒண்ணாவது முதல் அஞ்சாவது வரைக்கும்தான். ஆறாவதுக்குப் போய்விட்டால் காலைச் சாப்பாடு அவரவர் வீட்டுப் பாடு. நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியலில் கிளம்பிப் போகிற தாய்மார் வீடுகளில் அந்தப் பாடு எப்படி இருக்கும் என்று இந்த இதழைப் படிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் சார் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆளுக்கொரு முறை ஏதாவது திங்கக் கொண்டு வரவேண்டும். கட்டாயம் இல்லை, முடிந்தவர்கள். எல்லாரும் சரி என்றோம்.

எனக்கு உள்ளுக்குள்ளே ஒரே சந்தோஷம். ஒன்பது வருசமாக மருந்தடிக்காமல், உப்பு போடாமல் மூன்றேகால் ஏக்கரில் பாடுபடுகிறவன் நான். நஞ்சில்லா உணவு என்று கூட்டம் கூட்டமாகப் பேசியிருக்கிறேன். இது நமக்கென்றே வந்த வேலை என்று நினைத்தேன்.

புதுக்கோட்டைக்கு வண்டியை விட்டு, ஒரு இயற்கை அங்காடியில் தினை லட்டு ஒரு கிலோ வாங்கினேன். 480 ரூபாய். கூடவே வீட்டிலிருந்து அவித்த கடலை ஒரு தூக்குவாளி நிறைய. சனிக்கிழமை நாலேகாலுக்கெல்லாம் மைதானத்தில் ஆஜர். பிள்ளைகளும் பசியோடு இருந்தார்கள், கடலை மளமளவென்று காலியானது. அஞ்சு மணிக்கு ஒரு பிள்ளை கோட்டுக்கு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். இன்னொருத்தி விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். லட்டு பாதிக்கு மேல் டப்பாவோடு திரும்பி வந்தது. "வாய்க்குள்ள ஒட்டுதுப்பா" என்றாள் என் மகள், மெதுவாக, நான் வருத்தப்படக் கூடாதென்று.

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, சாமான் நல்ல சாமான். நேரந்தான் தப்பு."

அதற்கப்புறம்தான் எனக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது என்று உறைத்தது. கடலையில் பாதிக்குப் பக்கத்தில் எண்ணெய், நாலில் ஒரு பங்கு புரதம். எண்ணெயும் புரதமும் இரைப்பையை விட்டு இறங்க நேரமாகும். கீழே விழுந்து புரண்டு, ஏழு பேர் காலைப் பிடித்து இழுக்கிற ஆட்டத்தில் வயிறு நிறைந்திருந்தால் அது மேலேதான் வரும். ஆட்டத்துக்கு முன்னால் சீக்கிரம் செரிக்கிற மாவுச்சத்து கொஞ்சமாக, அதுவும் முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே போய்விட வேண்டும். ஒரு வாழைப்பழம், ஒரு கை நனைத்த அவல், இரண்டு பலாச்சுளை, அவ்வளவுதான். கடலை, சுண்டல், எள்ளுருண்டை எல்லாம் ஆட்டம் முடிந்து முகம் கழுவின பிறகு. நடுவில் தண்ணீர். வெயில் கடுமையாக இருந்தால் உப்புப் போட்ட நீர்மோர். இந்த ஒன்றரை மணி நேர ஆட்டத்துக்கு விளம்பரத்தில் வருகிற கலர் கலரான சக்தி பானம் எதுவும் தேவையில்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி ஒத்துக்கொள்ளாது என்பதும் உண்டு. ஒரு பிள்ளை மோர் குடித்தால் ஓடமாட்டாள், அவளுக்கு எலுமிச்சைத் தண்ணீர்.

தினை லட்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது, பிள்ளைகள் மேல் அல்ல. கூலிக்குப் போகிற ஒருத்தருடைய ஒருநாள் சம்பளத்தை விழுங்குகிற தின்பண்டத்தை நான் முதல் முறையிலேயே கொண்டுபோய் வைத்தால், அடுத்த முறைக்காரர் எதைக் கொண்டுவருவார்? சிறுதானியம் நல்லது என்று சொல்லிச் சொல்லி அதை ஒரு பட்டணத்துப் பண்டமாக ஆக்கிவிட்டோம். எங்கள் தாத்தா காலத்தில் வரகும் கேழ்வரகும் இல்லாதவர் வீட்டுச் சோறு. இன்றைக்கு அது இல்லாதவர் வீட்டுக்குள் நுழைய முடியாத விலையில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அங்காடி நடத்துகிற நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்: வெல்லமும் சர்க்கரைதான். இரும்பு கொஞ்சம், மணம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. வெல்லப் பாகில் உருட்டியது என்பதற்காகப் பிள்ளைகளுக்கு எண்ணிக்கை இல்லாமல் கொடுத்துவிட முடியாது.

அடுத்த இரண்டு வாரம் மற்ற வீட்டுக்காரர்கள் முறை. வந்தது எல்லாம் பாக்கெட். பத்து ரூபாய் மசாலா சிப்ஸ், கிரீம் பிஸ்கட், ஒருநாள் பாட்டில் பானம். நான் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டே இருந்தேன். பொடி எழுத்தில் தாவர எண்ணெய், அடைப்புக்குள் பாமோலின். 200 மில்லி கோலாவில் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை, அதாவது அஞ்சு தேக்கரண்டி. வளர்ந்த ஆளே ஒரு நாளைக்குக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிற சர்க்கரையை 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிக்குள்ளேயும் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளேயும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனியை விற்கக் கூடாது என்று 2020இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதியே போட்டிருக்கிறது. எங்கள் ஊரில் பள்ளி வாசலில் நின்று எட்டிப்பார்த்தால் கடை தெரியும்.

கடைக்கார அக்காவிடம் போய் இந்த விதியைப் பற்றிச் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. "கம்பெனிக்காரன் தொங்கவிடுற கம்பி ஸ்டாண்டு அவனே தர்றான். பாக்கெட்டு ஆறு மாசம் கெடாது. விக்காட்டி மாத்திக்குறான். நான் சுண்டல் போட்டு, மழை பேஞ்சு பிள்ளைக வரலைன்னா ராத்திரி அந்தச் சுண்டல நீயா வாங்கிக்குவ?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நாம் விளைவிக்கிற எதற்கும் அந்த ஏற்பாடு கிடையாது என்பதுதான் உண்மை.

அன்றைக்கு ராத்திரி என் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தேன். அதிலும் இரண்டு பிஸ்கட் பாக்கெட், ஒரு மிக்சர். போன வருசம் எங்கள் கொல்லையில் 22 மூட்டைக் கடலை விளைந்தது. விதைக்கு எடுத்ததும் செக்குக்கு எடுத்ததும் போக மற்றது அத்தனையும் வியாபாரி வண்டியில் ஏறிப் போய்விட்டது. ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் போடுவதை நிறுத்தி, கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொடு என்று கோரிக்கை வைத்துப் போராடுகிற இயக்கம் நம்முடையது. நானும் நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். உலகத்திலேயே அதிகமாகப் பாமாயிலை இறக்குமதி செய்கிற நாடு நம்முடையது என்று மேடையில் பேசியிருக்கிறேன். அந்தப் பாமாயில் என் வீட்டுக்குள் பிஸ்கட் உறையில் வருவதை மட்டும் கவனிக்கவில்லை.

சரி, அடுத்த கூட்டத்தில் பேசிவிடலாம் என்று போனேன். "பாக்கெட் வேண்டாம், அவங்கவங்க வீட்டுல வெளஞ்சது, செஞ்சது கொண்டாரலாம்" என்றேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் ஒருத்தர் சொன்னார்: "எதுக்குங்க வீட்டுக்கு வீடு செஞ்சுக்கிட்டு? ஆளுக்கு அம்பது ரூபா போட்டா பாக்கெட்டாவே வாங்கிரலாம். ஒரு பிரச்சனையும் இல்லை பாருங்க." நாலைந்து பேர் வேகமாகத் தலையாட்டினார்கள். சோம்பேறித்தனம் என்று நான் மனதுக்குள் வைதுகொண்டேன்.

எங்கள் அணியில் நன்றாகப் பாடிப்போகிற பிள்ளை ஒருத்தி. எட்டாவது. ஒல்லி, ஆனால் கால் எட்டும் தூரம் மற்றவர்களை விட ஒரு முழம் அதிகம். காலனியிலிருந்து வருகிறாள். அவள் அம்மா எங்கள் கொல்லைக்குக் கடலை ஆய வருகிறவர்தான். அவர்கள் முறையன்று பிஸ்கட் பாக்கெட்டுகள் வந்தன. பதினாறு பேருக்குப் பதினாறு. கூலி வாங்கின காசில் 160 ரூபாய். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆடியில் கடலை பறிக்கிறபோது, செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். எதுக்கும்மா காசு போட்டு வாங்குறீங்க, நீங்க ஆயுற கடலையில ரெண்டு படி அவிச்சுக் கொண்டாந்தா போதுமே என்றேன்.

அவர் என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிட முடியாது, அண்ணன் என்றும் கூப்பிட்டது இல்லை. மகள்களைச் சேர்த்து வைத்த கபடியினால் "பாப்பா அப்பா" என்று ஒரு பெயர் கண்டுபிடித்து வைத்திருந்தார். காயிலிருந்து கையை எடுக்காமலேயே சொன்னார்: "நான் அவிச்சுக் கொண்டாந்தா எல்லாப் புள்ளையும் தின்னுமா பாப்பா அப்பா?"

பாக்கெட்டில் ஒரு பிரச்சனையும் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாக்கெட்டுக்குத் தெரு கிடையாது. யார் வீட்டு அடுப்பு, யார் வீட்டுச் சட்டி என்று அதைப் பார்த்து யாரும் கேட்கமாட்டார்கள். தலையாட்டிய நாலைந்து பேரில் ஊர்த் தெருக்காரர்களும் இருந்தார்கள், காலனிக்காரர்களும் இருந்தார்கள். ஒருத்தருக்கு அது தப்பிக்கிற வழி, இன்னொருத்தருக்கு அது மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிற வழி. நான் பாமாயிலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை வெளியூர்க்காரன் மாதிரி எழுதிவிட்டுப் போக முடியாது. எங்கள் கொல்லைக்கு வேலைக்கு வருகிற ஆட்களுக்கு டீ கொடுக்கிற டம்ளர் எது, அது எங்கே கவிழ்த்து வைக்கப்படும் என்று சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். சில வருசத்துக்கு முன்னால் பேப்பர் கப்புக்கு மாறினோம். சுத்தம், சுகாதாரம் என்று சொல்லிக்கொண்டோம். இது 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிதண்ணீர்த் தொட்டிக்குள் மலம் கிடந்த மாவட்டம். அந்தச் செய்தி வந்த நாளில் நாங்கள் எல்லாரும் அதிர்ச்சி அடைந்தோம். அதிர்ச்சி அடைந்த வீட்டில்தான் பேப்பர் கப்பும் இருந்தது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு சாரிடம் போனேன். அவர் இது முன்னாலேயே தெரிந்தவர் மாதிரிதான் பேசினார். யாரையும் கூட்டிவைத்து இதைப் பேசினால் பிள்ளைகளை அனுப்பாமல் நிறுத்திவிடுவார்கள், அணி கலைந்துவிடும் என்று பயந்தார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. குறுவட்டப் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்தான். கடைசியில் நாங்கள் செய்தது ரொம்ப எளிமையான ஒரு வேலை. வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவருவதை நிறுத்தினோம். மைதானத்து வேப்பமரத்தடியில் மூன்று கல்லை வைத்து, அங்கேயே அவிப்பது. சாமான் யார் முறையோ அவர்கள் கொண்டுவருவது. அடுப்புப் பார்ப்பது அன்றைய முறைக்காரரும் அடுத்த முறைக்காரரும், இரண்டு பேர். குண்டான் எங்கள் வீட்டில் நெல் அவிக்கிற குண்டான்.

முதல் நாள் எங்கள் கடலை. சித்திரையில் விதைத்த டி.எம்.வி. 7, 105 நாள் பயிர், அந்த வாரம்தான் பறித்தோம். அடுத்த முறை அந்த அம்மாவுடையது, அதனால் அடுப்புக்கு அவர் வந்தார். பதினாறு பிள்ளைக்கு மூன்று கிலோ பச்சைக் கடலை. அன்றைய விலைக்கு 150 ரூபாய்க்குள்தான். பதினாறு பாக்கெட்டின் காசு. செம்மண் போகிற வரைக்கும் நாலு தண்ணீரில் அலசி, கல்லுப்புப் போட்டு முக்கால் மணி நேரம் வெந்து, இறக்கின பிறகும் அந்த உப்புத் தண்ணீரிலேயே கால்மணி நேரம் ஊறவேண்டும். அப்போதுதான் பருப்பில் உப்பு ஏறும். நான் இறக்கின உடனே வடிக்கப் போனேன். "கொஞ்சம் பொறுங்க" என்று தடுத்தவர் அவர்தான்.

ஆறேகாலுக்குப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பதினான்கு பேர் தின்றார்கள். ஒருத்தி விரதம் என்றாள், இன்னொருத்தி பல்வலி என்றாள். பன்னிரண்டு வயதில் என்ன விரதம் என்று யாரும் கேட்கவில்லை. மற்ற பிள்ளைகள் ஓட்டை உடைத்து, மூன்று பருப்பு உள்ள காய் யாருக்கு வருகிறது என்று பந்தயம் வைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் பல்வலிக்காரி தின்றாள். விரதக்காரிக்கு இன்றுவரை வீட்டிலிருந்து தனி டப்பாதான் வருகிறது. அந்த டப்பாவை அவள் திறப்பதைவிட, பக்கத்துப் பிள்ளை ஓட்டை உடைப்பதைப் பார்ப்பதுதான் அதிகம்.

கடலையைப் பற்றி உழவர்களாகிய நமக்குள் பேசிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மருந்தடிக்காத கடலை என்பதற்காக அது நஞ்சில்லாத கடலை ஆகிவிடாது. அஃப்ளடாக்சின் என்று ஒரு நஞ்சு. ஒருவகைப் பூஞ்சணம் காயில் ஏறினால் அது உண்டாக்குவது. ஈரலைத் தாக்கும், வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் கெடுதல். ரசாயனக் கொல்லைக்கும் நம் கொல்லைக்கும் அந்தப் பூஞ்சணம் வித்தியாசம் பார்ப்பதில்லை. அறுவடைக்கு முந்தின மூன்று நாலு வாரம் மண் காய்ந்து சூடேறினால் பிடிக்கும். மண்வெட்டி பட்ட காய், கரையான் சுரண்டின காய் வழியாக நுழையும். பறித்ததை ஈரத்தோடு குவித்து வைத்தால் ஒரே ராத்திரியில் பெருகும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது முழுசாகப் போகாது. அதனால் கடைசி நாட்களில் ஒரு உயிர்த்தண்ணீராவது விடவேண்டும். உடைந்த காயைத் தனியே பொறுக்கவேண்டும். ஆட்டினால் பருப்புக் குலுங்குகிற வரைக்கும், ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே வருகிற வரைக்கும் காயவேண்டும். சிமெண்டுத் தரையில் பிளாஸ்டிக் சாக்கில் போடாமல், கட்டை போட்டுச் சணல் சாக்கில், பருப்பாக உடைக்காமல் காயாகவே வைத்திருக்கவேண்டும். பச்சையாகப் பறித்து அன்றைக்கே அவிப்பது இதில் ரொம்பப் பாதுகாப்பான முறை. சுருங்கினது, கறுத்தது, கசக்கிறது எதையும் "பரவாயில்லை, நம்ம கடலைதானே" என்று பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். நான் ஒருகாலத்தில் சொத்தைகளைத்தான் வீட்டுக்கு ஒதுக்குவேன், நல்லதெல்லாம் விலைக்கு. பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது.

சில பிள்ளைகளுக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது, தின்றால் தடிக்கும், மூச்சு இரைக்கும். நம்மிடம் குறைவுதான், இருந்தாலும் முதல்நாளே பெற்றோரிடம் கேட்டுவிடுவது நல்லது. அண்ணன் அக்காவோடு வேடிக்கை பார்க்க வருகிற மூன்று நாலு வயதுக் குழந்தைகளுக்கு முழுப்பருப்பைக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கடலை இல்லாத நாட்களில் பயறு. ஆலங்குடிக்குப் பக்கத்திலேயே வம்பனில் பயறுவகைகளுக்கென்று தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வம்பன் பெயரில் வெளிவந்த உளுந்து ரகங்கள் தமிழ்நாடு முழுக்கப் போயிருக்கின்றன. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்த நால்ரோட்டில் இறங்கி வாங்குவது என்னவோ சிப்ஸ்தான். தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொள்ளு எது கிடைத்தாலும் முதல்நாள் ராத்திரி ஊறவைத்து அவித்து, தேங்காய் கீறிப்போட்டு, இறக்கினதும் அரை மூடி எலுமிச்சம்பழம். எலுமிச்சை ருசிக்கு மட்டும் அல்ல. பயறில் உள்ள இரும்பு உடம்பில் சேர அந்தப் புளிப்பில் உள்ள வைட்டமின் சி உதவும். தேத்தண்ணீர் அதே இரும்பைத் தடுக்கும். அதனால் சுண்டலோடு டீ கொடுக்கிற வழக்கத்தை நிறுத்தினோம். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்று 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மைதானத்தில் தலை சுற்றி உட்கார்ந்த பிள்ளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தபோது அதுதான் வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரைக்குப் பதிலாகச் சுண்டல் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டும் வேண்டும்.

பலா சொல்லாமல் எங்கள் வட்டாரத்தைப் பற்றி எழுத முடியாது. வடகாடு, மாங்காடு, கீரமங்கலம் பக்கமெல்லாம் சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் பழம் மலிந்து கிடக்கும். 2018 நவம்பர் 16 கஜாப் புயலில் முறிந்தது போக மிஞ்சின மரங்களும், அதற்கப்புறம் வைத்து இப்போது காய்க்க ஆரம்பித்தவையும். வெட்டுக்கூலிக்கும் கட்டாத விலை வருகிற வாரங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் ஒரு வீட்டுக்காரர் முழுப்பழத்தையே சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து மைதானத்தில் வெட்டினார். ஆட்டத்துக்கு முன்னால் ஆளுக்கு இரண்டு சுளை, சர்க்கரை உடனே ஏறும், ஓட்டத்துக்கு நல்லது. கொட்டையை அடுப்புத் தணலில் சுட்டு ஆட்டத்துக்குப் பின்னால் கொடுத்தோம். மறுநாள் வகுப்பறையில் என்ன நடந்தது என்று என் மகள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பலாக்கொட்டை போட்டிக்கு முந்தின நாள் கூடாது என்று நோட்டில் எழுதிவைத்தோம்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பக்கத்தில் ஆளுக்கொரு கொல்லை கடலை விளைத்துக்கொண்டு ஒரு மிட்டாய்க்குப் பெயர் எடுக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். வெளியூர்ப் போட்டிக்குப் போகிறபோது குண்டானைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் அந்த மாதிரி நாலு நாள் கெடாத பண்டம் ஒன்று வேண்டியிருந்தது. வறுத்த கடலையும் எள்ளும் பொட்டுக்கடலையும் வெல்லப்பாகில் போட்டு நெல்லிக்காய் அளவுக்கு உருட்டினோம். பெரிய உருண்டையாக உருட்டினால் பாதியில் வைத்துவிடுகிறார்கள்.

குறுவட்டப் போட்டி ஆவணியில் நடந்தது. காலை எட்டு மணிக்குக் கிளம்பி, எங்கள் ஆட்டம் பதினொன்றரைக்கு என்றார்கள், ஒன்றேகாலுக்குத்தான் கூப்பிட்டார்கள். இந்த மாதிரி நாளுக்குத்தான் தீனி ரொம்ப முக்கியம். பன்னிரண்டு மணிக்கு ஆளுக்கு ஒரு பூவன்பழம் கொடுத்தோம். எதிரணிப் பிள்ளைகள் சாப்பிடாமல் காத்துக்கிடந்தார்கள். என் மகள் சாரிடம் கேட்டுக்கொண்டு மிச்சப் பழத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அவர்களிடமே மூன்று புள்ளியில் தோற்றோம். திரும்பி வருகிற வேனில் கடலை உருண்டை தின்றுகொண்டு, பழம் கொடுத்ததுதான் தப்பு என்று அவளை எல்லாரும் கேலி செய்துகொண்டு வந்தார்கள். சார் முன்சீட்டில் உட்கார்ந்து கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜனைப் பற்றிச் சொன்னார். செங்கல் சூளைக் கூலிக் குடும்பம், நம் மாவட்டத்துப் பெண், 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் இரண்டாவதாக வந்தவர். அந்தப் பதக்கத்தைப் பிறகு பறித்தது பெரிய அநியாயம். "அவங்க என்ன சாப்பிட்டாங்க சார்?" என்று பாடிப்போகிற பிள்ளை கேட்டாள். சாருக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

இப்போது ஐப்பசி மழை, மைதானத்தில் தண்ணீர் நிற்கிறது, பயிற்சி இல்லை. தை மாதம் திரும்ப ஆரம்பிக்கும். முதல் முறை காலனிக்கார அம்மாவுடையது, நோட்டில் பனங்கிழங்கு என்று எழுதியிருக்கிறது. கடை அக்கா அவராகவே கேட்டனுப்பியிருக்கிறார்: மைதானத்தில் அவிக்கிறபோது கூட ஒரு படி அவித்துக் கொடுத்தால் கடையில் வைத்துப் பார்க்கிறேன், விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளவேண்டும் என்று. கம்பெனிக்காரன் கொடுக்கிற அதே ஏற்பாட்டை நம்மிடம் கேட்கிறார். நியாயம்தான். இரண்டு வீட்டுக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள், மற்றவர்களிடம் பேசவேண்டும்.

குண்டான் எங்கள் வீட்டில் இருக்கிறது. வேப்பமரத்தடியிலிருந்து முதல்நாள் அது திரும்பி வந்தபோது எங்க ஆத்தா அதை வாங்கி, கொல்லைப்புறம் மாட்டுக்கொட்டகையில் கவிழ்த்து வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி அதை எடுத்துக் கழுவி அடுப்படியில் வைத்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் அது கொட்டகையில் இருந்தது. இப்படியே மூன்று மாதமாக அது போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது. நேற்றுக் காலையில் அடுப்படியில் இருந்தது.